‘இல்லை’ எனில் எங்கே செல்வது?
இயக்கக் கட்டுப்பாட்டு நிரல்களில் நிபந்தனைத் தாவல்

பால், எண்ணெய், மசாலாப் பொடி போன்றவற்றை அடைத்து விற்கும் அச்சிட்ட பிளாஸ்டிக் உறைகளின் ஓரத்தில், பெயருக்கும் படத்துக்கும் தொடர்பற்ற ஒரு சிறு கருஞ்செவ்வகம் அச்சாகியிருப்பதைப் பலரும் கண்டிருக்கக்கூடும். பொதியிடும் தொழிலில் ‘ஐ மார்க்’ என வழங்கப்படும் அந்த அடையாளம் வாங்குபவருக்காக அச்சிடப்பட்டதன்று. சுருளிலிருந்து பிலிமை இழுத்து, ஒட்டி, வெட்டும் இயந்திரம் படித்துக்கொள்வதற்காக அச்சிடப்பட்டது. ஓர் உறைக்கு 150 மி.மீ. பிலிம் தேவையெனில் ஒவ்வொரு முறையும் சரியாக 150 மி.மீ. இழுத்தால் போதுமே என்று தோன்றலாம். ஆனால் பிலிம் இழுவிசையில் சற்றே நீள்கிறது, வெப்பத்தில் தளர்கிறது, இழுக்கும் உருளையின்மேல் மயிரிழை அளவு வழுக்கவும் செய்கிறது. உறை ஒன்றுக்கு 0.2 மி.மீ. பிழை சேர்வதாகக் கொண்டாலும், 50 உறைகள் கழிவதற்குள் அது 10 மி.மீ. ஆகி, கத்தி பெயரின் குறுக்கே விழத் தொடங்கிவிடும். ஆகவே இயந்திரம் அளந்து இழுப்பதோடு நில்லாமல், ஒவ்வோர் இழுப்பிலும் ‘அடையாளம் வந்துவிட்டதா?’ என்று கேட்டு, கிடைக்கும் விடைக்கேற்ப நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இயந்திரத்தின் நிரலில் அந்தக் கேள்வி எழுதப்படும் வடிவமே நிபந்தனைத் தாவல். நிரலின் கட்டளைகள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாய் நிறைவேறி வருகையில், குறிப்பிட்ட ஒரு நிபந்தனை மெய்யானால் மட்டும் அந்த வரிசையை விட்டு வேறோர் இடத்துக்குச் செல்லுமாறும், மெய்யாகாவிடில் அடுத்த வரிக்கே செல்லுமாறும் பணிக்கும் கட்டளை அது. பள்ளிக் கணிப்பொறிப் பாடத்திலேயே இடம்பெறும் எளிய கருத்துதான். ஆயினும் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் நிரலில் உள்ள நிபந்தனைக்கும், சர்வோ மோட்டாரை ஓட்டும் நிரலில் உள்ள நிபந்தனைக்கும் ஆழமான வேறுபாடு ஒன்று உண்டு. முன்னது நினைவகத்தில் அசையாமல் கிடக்கும் எண்ணைப் பற்றிக் கேட்கிறது. பின்னது கேட்கும் நொடியிலும் நகர்ந்துகொண்டிருக்கும் பொருளைப் பற்றிக் கேட்கிறது. இந்த வேறுபாட்டை உணராமல் எழுதப்பட்ட நிரல் பார்வைக்குப் பிழையற்றதாகவே இருக்கும், சோதனை ஓட்டத்தில் சரியாகவும் ஓடும். பின்னர் ஒருநாள், காரணம் எளிதில் பிடிபடாத வகையில் தவறிழைக்கும்.

இயந்திரங்கள் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டது அவை கட்டளைக்குப் பணியக் கற்றுக்கொண்டதற்கு நெடுங்காலத்துக்குப் பிறகுதான். 1804இல் பிரான்சில் உருவான ஜக்கார்டு தறி, துளையிட்ட அட்டைகளின் சங்கிலியைப் படித்துப் பூவேலைப்பாட்டை நெய்தது. சங்கிலியின் இரு முனைகளையும் இணைத்தால் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும், ஆனால் நூல் அறுந்ததா என்று பார்த்து வேறோர் அட்டைக்குத் தாவ அதனால் இயலாது. கோன்ராட் சூஸ 1941இல் பெர்லினில் அமைத்த இசட்3 என்னும் கணிப்பொறி, துளையிட்ட திரைப்படச் சுருளிலிருந்து கட்டளைகளைப் படித்தது. அதிலும் நிபந்தனைத் தாவலுக்கான கட்டளை இல்லை. நிரலை நினைவகத்திலேயே வைத்து, 1948 ஜூன் 21 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டரில் முதன்முதலாக ஓடிய ‘பேபி’ என்னும் சிறு கணிப்பொறிக்கு மொத்தமே ஏழு கட்டளைகள்தாம். அவற்றுள் ஒன்று, கணக்கில் நிற்கும் எண் குறையெண்ணாக இருந்தால் அடுத்த வரியைத் தாண்டிச் செல் என்பது. தாண்டப்படும் அந்த வரியில் தாவல் கட்டளையை வைத்துவிட்டால், நிபந்தனையைப் பொறுத்துத் தாவும் ஆற்றல் கைவந்துவிடுகிறது.

பொருளை வெட்டியும் நகர்த்தியும் வேலை செய்யும் இயந்திரங்களுக்கு இந்த ஆற்றல் உடனே வந்து சேரவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துச் சர்வோமெக்கானிசம் ஆய்வகத்தில், ஜான் பார்சன்ஸின் எண்ணத்திலிருந்து தொடங்கிய திட்டத்தின் பயனாக, 1952இல் எண்கட்டுப்பாட்டு மில்லிங் இயந்திரம் மக்கள்முன் இயக்கிக் காட்டப்பட்டது. ஏழு தடங்கள் கொண்ட துளையிட்ட தாள்நாடா அதற்குக் கட்டளையிட்டது. நாடா முன்னோக்கி மட்டுமே ஓடும். எந்தத் துளை எந்த அசைவுக்கு என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவானவை. வெட்டுளி மழுங்கினாலும் உலோகத்துண்டு இடம் பெயர்ந்தாலும் நாடாவுக்குத் தெரியாது, அது தன்பாட்டில் ஓடி முடியும். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் கணிப்பொறியும் அதன் நினைவகமும் வந்து அமர்ந்த பிறகே, இயந்திர நிரலுக்குப் பின்னோக்கிச் செல்லவும் கிளை பிரியவும் வழி பிறந்தது.

இன்று தொழிற்கூடங்களில் ‘மோஷன் கண்ட்ரோலர்’ எனப்படும் இயக்கக் கட்டுப்பாட்டுக் கருவி ஒரே நேரத்தில் இரு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, மோட்டாரின் இருப்பிடத்தை என்கோடர் வழியாக அறிந்து, இருக்கவேண்டிய இடத்துக்கும் இருக்கும் இடத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டு, அதற்கேற்ப மோட்டாருக்குச் செல்லும் ஆணையைத் திருத்திக்கொண்டே இருப்பது. என்கோடர் என்பது மோட்டாரின் தண்டோடு சுழன்று துடிப்புகளைத் தரும் கருவி. சுற்றுக்கு 1000 கோடுகள் கொண்ட என்கோடரின் இரு தடங்களையும் சேர்த்துப் படித்தால் சுற்றுக்கு 4000 எண்ணிக்கைகள் கிடைக்கும். இந்தத் திருத்தும் வேலை நொடிக்கு ஏறத்தாழ ஆயிரம் முறையோ அதற்கும் மேலாகவோ, எதற்கும் காத்திராமல் நடந்துகொண்டே இருக்கும். இரண்டாவது, பயனர் எழுதிய நிரலை வரி வரியாகப் படித்து நிறைவேற்றுவது. நிபந்தனைத் தாவல் வாழ்வது இந்த இரண்டாம் உலகில்; அது கேள்வி கேட்பதோ முதலாம் உலகில் நிகழ்வதைப் பற்றி. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் ஓடுகின்றன என்பதே இத்துறையில் பெரும்பாலான சிக்கல்களின் ஊற்று.

ஒரு திட்டவட்டமான மொழியைக் கொண்டு இதனைப் பார்ப்பது நல்லது. கலிபோர்னியாவில் 1983இல் தொடங்கப்பட்ட கலில் மோஷன் கண்ட்ரோல் நிறுவனத்தின் கருவிகள், பெரும்பாலும் ஈரெழுத்துக் கட்டளைகளாலான ஒரு சிறு மொழியைப் புரிந்துகொள்கின்றன. ‘பிஆர்’ என்பது இருக்கும் இடத்திலிருந்து எவ்வளவு நகரவேண்டும் என்பதைச் சொல்லும், ‘எஸ்பி’ வேகத்தைச் சொல்லும், ‘பிஜி’ நகர்வைத் தொடங்கிவைக்கும். ‘ஜேபி’ என்பதே தாவல் கட்டளை. நிரலின் ஓரிடத்துக்குப் பெயரிட வேண்டுமானால் ஹாஷ் குறியோடு ஒரு சொல்லை எழுதவேண்டும்; அதற்கு லேபிள் என்று பெயர். ஜேபி என எழுதி, லேபிளைக் குறிப்பிட்டு, காற்புள்ளியிட்டு, அதன்பின் நிபந்தனையை எழுதினால், ‘இந்த நிபந்தனை மெய்யானால் அந்த லேபிளுக்குத் தாவு’ என்பது அதன் பொருள். காற்புள்ளியும் நிபந்தனையும் இல்லாவிட்டால் தாவல் கேள்வியின்றி நிகழும். நிபந்தனையில் மாறிகள் வரலாம், உள்ளீட்டு முனைகளின் நிலை வரலாம், மோட்டாரின் அப்போதைய இருப்பிடமோ வேகமோ கூட வரலாம். எண்ணிக்கை மாறி ஒன்றைப் பத்தில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் ஒன்று குறைத்து, அது சுழியத்தைவிடப் பெரிதாக இருக்கும்வரை மேலே தாவச் சொன்னால், பத்துத் துளைகளையோ பத்து வெட்டுகளையோ போடும் மடக்கு மூன்றே வரிகளில் அமைந்துவிடும்.

எண்ணிக்கை மடக்கு எளிது. ஏனெனில் அது தன் நினைவகத்தில் உள்ள எண்ணைப் பற்றியே கேட்கிறது. பிலிம் இழுக்கும் இயந்திரத்துக்குத் திரும்பினால் நிலைமை மாறுகிறது. இழுக்கும் உருளையின் சுற்றளவு 200 மி.மீ. என்றும், ஒரு சுற்றுக்கு 4000 எண்ணிக்கைகள் என்றும் கொண்டால், ஒரு மில்லிமீட்டருக்கு 20 எண்ணிக்கைகள், ஓர் உறைக்கு 3000 எண்ணிக்கைகள். நொடிக்கு 300 மி.மீ. வேகத்தில் பிலிம் ஓடுகையில், ஒரு மில்லிநொடிக்குள் 0.3 மி.மீ., அதாவது 6 எண்ணிக்கைகள் கடந்துவிடும். அடையாளத்தின் அகலம் 3 மி.மீ. எனில், அது உணரியின் கண்முன் இருக்கப்போவது 10 மில்லிநொடிதான். ‘அடையாளம் தெரிகிறதா, இல்லையெனில் மீண்டும் பார்’ என்று ஒரு குறுகிய மடக்கில் நிரல் சுற்றிக்கொண்டிருந்தால் அந்தப் பத்து மில்லிநொடிக்குள் சில முறையாவது பார்த்துவிடும். அதே மடக்கினுள் திரையில் எண்ணைக் காட்டும் வரியையும் வெப்பநிலையைச் சரிபார்க்கும் வரியையும் சேர்த்து, ஒரு சுற்றுக்கு 20 மில்லிநொடி ஆகுமாறு செய்துவிட்டால், நிரல் வேறிடத்தில் இருக்கும்போதே அடையாளம் வந்து போய்விடும். எழுதிய நிபந்தனையில் தவறில்லை. கேட்கவேண்டிய நேரத்தில் அது கேட்கப்படவில்லை.

இங்கே புதியவர்கள் பலரும் இடறும் ஒரு செய்தியையும் விளக்கவேண்டும். நகர்வைத் தொடங்கிவைக்கும் கட்டளை, நகர்வு முடியும்வரை காத்திருப்பதில்லை. மோட்டார் புறப்பட்டதுமே நிரல் அடுத்த வரிக்குப் போய்விடும். இது குறையன்று, ஓடிக்கொண்டிருக்கும்போதே கேள்வி கேட்பதற்கு இடந்தருவது இந்தத் தன்மைதான். ஆனால் நகர்வு முடிந்த பின்னர் கேட்கவேண்டிய கேள்வியை இடையில் காத்திருப்பின்றி அடுத்த வரியிலேயே எழுதினால், மோட்டார் அசையத் தொடங்கும்போதே அதற்கு விடை கிடைத்துவிடும். காத்திருப்பதற்கென ‘ஏஎம்’ போன்ற தனிக் கட்டளைகள் உண்டு. அவை நிரலை அந்த வரியிலேயே நிறுத்திவைக்கும். ஏஎம் காத்திருப்பதும் திட்டமிட்ட நகர்வு முடிவதற்குத்தானேயன்றி, மோட்டார் உண்மையில் அவ்விடத்தை அடைவதற்கு அன்று. உண்மையான இருப்பிடத்துக்குக் காத்திருப்பது ‘எம்சி’ என்னும் வேறொரு கட்டளை. அதற்கு ஒரு கால வரம்பும் விதிக்கலாம். அந்த வரம்புக்குள் மோட்டார் சென்று சேராவிடில், அதற்கென எழுதிவைத்த துணைநிரலுக்குக் கட்டுப்பாடு மாறும். காத்திருத்தல், கேட்டல் என்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகப் பிடித்துக்கொண்டவருக்கு இம்மொழியின் பாதி வசப்பட்டதாகும்: காத்திருக்கும் நிரல் வேறெதையும் பார்ப்பதில்லை, கேட்டுச் சுழலும் நிரல் மற்றவற்றையும் பார்த்துக்கொள்ளலாம்.

வேகச் சிக்கலுக்கு வன்பொருளில் அழகான தீர்வொன்று உண்டு. ‘லாட்ச்’ எனப்படும் பிடிப்புச் சுற்று, உணரியின் மின்குறி மாறிய கணத்தில் என்கோடரின் எண்ணிக்கையைத் தானாகவே பதித்து வைத்துக்கொள்ளும். அதற்கு நிரலின் உதவி தேவையில்லை. 25 மைக்ரோநொடிக்குள் அது பிடித்துவிட்டால், முன்சொன்ன வேகத்தில் பிலிம் 0.01 மி.மீ.கூட நகர்ந்திராது. அதன்பின் நிரல் கேட்கவேண்டிய கேள்வி மாறுகிறது. ‘அடையாளம் இப்போது தெரிகிறதா?’ என்ற கேள்வி மறைந்து, ‘பிடிப்பு நிகழ்ந்துவிட்டதா?’ என்ற கேள்வி வருகிறது. முதற்கேள்விக்கான விடை பத்து மில்லிநொடியில் காலாவதியாகும்; இரண்டாவதன் விடை, நிரல் வந்து பார்க்கும்வரை அப்படியே இருக்கும். நழுவிப் போகும் நிகழ்வைப் பதிந்து நிற்கும் செய்தியாக மாற்றிவிட்டு அதன்மேல் நிபந்தனையை வைப்பது இத்துறையின் மிகச் சிறந்த உத்திகளுள் ஒன்று என்று கூறலாம்.

ஆனால் இதனினும் முக்கியமானது, விடை ‘இல்லை’ என்றே தொடரும்போது நிரல் என்ன செய்யும் என்பது. பிடிப்பு நிகழாதவரை அதே வரிக்குத் தாவு என்று ஒற்றை வரியில் எழுதப்பட்ட மடக்கு, கையேடுகளில் எடுத்துக்காட்டாக வருவதுண்டு. கருத்தை விளக்க அது போதும். தொழிற்கூடத்தில் அது போதாது. பிலிம் அறுந்திருக்கலாம், அச்சகத்தில் அந்தச் சுருளின் ஒரு பகுதியில் அடையாளம் மங்கியிருக்கலாம், உணரியின் கண்ணாடியில் பொடி படிந்திருக்கலாம், கம்பி கழன்றிருக்கலாம். அப்போது அந்த மடக்கு முடிவின்றிச் சுழலும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இயந்திரம் காரணமின்றி நின்றுவிட்டதுபோல் தோன்றும். விளக்கு எரியாது, ஒலி எழாது, திரையில் செய்தி வராது. நின்றுபோன இயந்திரத்தின் அருகே இருப்பவர் இயல்பாகச் செய்வது, குனிந்து உள்ளே பார்ப்பதும் சிக்கியிருக்கும் பிலிமைக் கையால் இழுத்துப் பார்ப்பதுமே. அவர் இழுக்கும்போது அடையாளம் உணரியின்முன் வந்துவிட்டால், நிரலுக்கு அது நெடுநேரம் எதிர்பார்த்த ‘ஆம்’. அக்கணமே அது அடுத்த வரிக்குச் சென்று, சூடேறிய ஒட்டுத்தாடைகளை மூடச் சொல்லும். ஒரே ஒரு நிபந்தனையில் விடுபட்ட மாற்றுவழி ஒரு தொழிலாளியின் விரல்களுக்கு ஆபத்தாகும் இடம் இது. ஆகவேதான் ‘இல்லை’ என்ற விடைக்கான பாதையை ‘ஆம்’ என்பதற்கான பாதையைவிடவும் கூடுதல் அக்கறையோடு எழுதவேண்டியிருக்கிறது.

பிலிம் இயந்திரத்தில் அதற்கு இயல்பான எல்லை ஒன்று கையிலேயே இருக்கிறது. ஒவ்வோர் இழுப்பையும் உறையின் நீளத்தைவிடச் சற்றே கூடுதலாக, 160 மி.மீ. என்று வைத்துத் தொடங்கினால், அடையாளம் வராவிட்டாலும் நகர்வு தானாகவே முடிவுக்கு வந்துவிடும். எனவே மடக்கினுள் இரு கேள்விகள் அடுத்தடுத்து நிற்கும். பிடிப்பு நிகழ்ந்துவிட்டதா என்பது முதற்கேள்வி. நிகழ்ந்திருந்தால் ‘கண்டது’ என்ற இடத்துக்குத் தாவி, பிடித்து வைத்த எண்ணிக்கையோடு உணரிக்கும் கத்திக்கும் உள்ள தொலைவைக் கணக்கில் சேர்த்து, நிற்கவேண்டிய புதிய இடம் முடிவு செய்யப்படும். நகர்வு முடிந்துவிட்டதா என்பது இரண்டாம் கேள்வி. முடிந்திருந்தால் ‘தவறியது’ என்ற இடத்துக்குத் தாவல். இரண்டுக்கும் விடை ‘இல்லை’ எனில் மட்டுமே மடக்கு தொடரும். ‘தவறியது’ என்ற இடத்தில் ஒரு மாறி ஒன்று கூட்டப்படும். ‘கண்டது’ என்ற இடத்தில் அதே மாறி சுழியமாக்கப்படும். மாறி மூன்றைத் தொட்டால் நிறுத்து, சிவப்பு விளக்கை எரி, காரணத்தைத் திரையில் காட்டு. தொடாவிட்டால் அந்த உறையைக் கழிவாகத் தள்ளிவிட்டு வேலையைத் தொடர். ஒரு முறை தவறினால் அச்சின் பிழையாக இருக்கலாம், தொடர்ந்து மூன்று முறை தவறினால் அநேகமாக இயந்திரத்தின் பிழை என்ற தொழிற்பட்டறிவு, இவ்வாறு ஒரு மாறியாகவும் ஒரு நிபந்தனையாகவும் நிரலுக்குள் இடம்பெறுகிறது.

உறையின் படத்தில் அடர்ந்த நிறங்கள் இருக்கும்போது உணரி அவற்றையும் அடையாளம் என்று எண்ணிவிடக்கூடும். அதைத் தவிர்க்க, இழுப்பின் முதற்பகுதியில் உணரியைப் பொருட்படுத்தாமல் 140 மி.மீ. கடந்த பிறகே அதன் சொல்லைக் கேட்பது வழக்கம். உணரியை நேரடியாகப் படிக்கும் நிரலில் இது இரண்டு நிபந்தனைகளின் இணைப்பாக, ‘உணரி ஒன்று காட்டவேண்டும், இருப்பிடம் 2800 எண்ணிக்கைகளைக் கடந்திருக்கவும் வேண்டும்’ என்று அமையும். எழுதும்போது ஒரு பொறி காத்திருக்கிறது. கலில் மொழியில் செயற்குறிகளுக்குள் முன்னுரிமை வரிசை இல்லை; அடைப்புக்குறி இடாவிட்டால் எல்லாம் இடமிருந்து வலமாகவே கணக்கிடப்படும். அடைப்புக்குறியின்றி எழுதினால், முதலில் உணரி பற்றிய ஒப்பீட்டுக்கு ஒன்று அல்லது சுழியம் விடையாகும். அந்த விடை இருப்பிட எண்ணோடு பிட்டு பிட்டாக இணைக்கப்பட்டு மீண்டும் ஒன்றோ சுழியமோ ஆகும். இறுதியில் அந்த ஒன்று அல்லது சுழியம் 2800ஐவிடப் பெரிதா என்று கேட்கப்படும். அது ஒருநாளும் மெய்யாகாது. கருவி எந்தப் பிழைச் செய்தியும் தராது, ஏனெனில் இலக்கணப்படி அந்த வரி சரியானது. ஒவ்வொரு நிபந்தனையையும் தனித்தனி அடைப்புக்குறிக்குள் இட்ட பிறகே இணைப்புக் குறியை எழுதுவது என்ற ஒரு பழக்கம், தேடியலையும் பல மணி நேரங்களை மிச்சப்படுத்தும்.

சமக் குறியும் அதே அளவு எச்சரிக்கைக்கு உரியது. இருப்பிடம் 3000க்குச் சமமானால் தாவு என்று எழுதினால், ஒரு மில்லிநொடிக்கு ஒருமுறை கேட்கும் நிரலின் கண்ணில் 2997க்கு அடுத்ததாக 3003 படக்கூடும். இடையிலிருந்த 3000ஐ மோட்டார் கடந்ததை அது அறியாது. ஆறில் ஒரு முறை சரியாகப் பிடிபடும் என்பதுதான் இதில் கொடுமை. சோதனையில் சரியாக ஓடியதைக் கண்டு நிறைவடைந்துவிட வாய்ப்பிருக்கிறது. நின்றுவிட்ட மோட்டாரும் கேட்ட எண்ணிக்கையிலேயே நிற்பதில்லை. ஓரிரண்டு எண்ணிக்கை முன்பின்னாக அசைந்துகொண்டே இருக்கும். எனவே ஓடும்போது ‘கடந்துவிட்டதா’ என்றும், நிற்கும்போது ‘பிழை இந்த வரம்புக்குள் இருக்கிறதா’ என்றும் கேட்பதே முறை. பின்னங்களிலும் இதே தொல்லை உண்டு. இம்மொழி பின்னப்பகுதியை 65,536இல் இத்தனை பங்கு என்று பதினாறு பிட்டுகளில் சேமிக்கிறது; 0.1 என்பது அவ்வாறு 6553.6 பங்காக வருவதால் அதைத் துல்லியமாக எழுதவே முடியாது. பத்து முறை 0.1 கூட்டினாலும் ஒன்று வராது. ஒன்றுக்குச் சமமாகும்வரை சுழல் என்று எழுதப்பட்ட மடக்கு அங்கே நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

லேத்துகளையும் மில்லிங் இயந்திரங்களையும் ஓட்டும் சிஎன்சி உலகில், ஜப்பானின் ஃபானுக் நிறுவனத்தின் ‘மேக்ரோ பி’ என்னும் மொழி இதே கருத்தை வேறு வடிவில் வைத்திருக்கிறது. அங்கே வரிகளுக்கு எண்கள் உண்டு. ‘இஃப்’ என்று தொடங்கிச் சதுர அடைப்புக்குள் நிபந்தனையை எழுதி, ‘கோடூ’ என்று வரியின் எண்ணைக் குறிப்பிடுவது வழக்கம். ஒரு செய்தியை மட்டும் அங்கே தனியே சொல்லவேண்டும். சிஎன்சி கட்டுப்பாடுகள் வெட்டு இடையறாது சீராகச் செல்வதற்காக அடுத்து வரும் வரிகளை முன்கூட்டியே படித்துத் தயாராக வைத்துக்கொள்கின்றன. முந்தைய நகர்வு இன்னும் முடியாதிருக்கும்போதே அடுத்த வரியின் நிபந்தனை கணக்கிடப்பட்டுவிடக்கூடும். உணரியின் நிலையையோ வெட்டுளியின் இருப்பிடத்தையோ அந்நிபந்தனை கேட்பதாயின், கிடைப்பது முன்கூட்டிய, எனவே தவறான, விடை. முன்வாசிப்பை அவ்விடத்தில் தடுத்து நிறுத்தும் ஒரு கட்டளையை இடையில் வைத்தாலொழிய அந்நிபந்தனையை நம்ப இயலாது. இன்னொரு சிறு செய்தி: அங்கே பின்னோக்கித் தாவுவது முன்னோக்கித் தாவுவதைவிட நேரமெடுக்கும், ஏனெனில் வரி எண்ணைக் கட்டுப்பாடு தேடிச் செல்லவேண்டும். திரும்பத் திரும்பச் செய்யும் வேலைக்குக் கோடூவைவிட ‘வைல்’ மடக்கு ஏற்றது என்று ஃபானுக் கையேடுகளே பரிந்துரைப்பது இதனால்தான்.

தாவலைப் பற்றிய பெரும் விவாதம் ஒன்று கணிப்பொறி உலகில் 1968இல் எழுந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, கோடூ கட்டளை தீங்கானது என்று வாதிட்ட சிறு கடிதம் அவ்வாண்டு மார்ச் மாதம் வெளியானது. மனம்போன இடத்துக்கெல்லாம் தாவும் நிரலில், ஒரு கணத்தில் எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை நிரலின் வரியைக் கொண்டு அறிய முடியாமல் போகிறது என்பது அதன் மையக் கருத்து. தொழில்துறைக் கட்டுப்பாட்டு மொழிகளுக்கான ஐஇசி 61131-3 தரநூல் முதலில் வெளியான 1993இல் நிபந்தனைத் தாவலைக் கொண்ட கட்டளைப் பட்டியல் மொழியையும் ஏற்றது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் அம்மொழி கைவிடத்தக்கதாகக் குறிக்கப்பட்டது. டைக்ஸ்ட்ராவின் வாதம் மேசைக் கணிப்பொறியைவிட இயக்கக் கட்டுப்பாட்டுக்கே கூடுதலாகப் பொருந்தும் எனலாம். அங்கே ‘எந்த நிலையில்’ என்ற கேள்விக்குப் பின்னால், தாடை திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்ற உண்மையான நிலை இருக்கிறது. தாவலையே விலக்கவேண்டும் என்பதில்லை. ‘இழுத்தல்’, ‘ஒட்டுதல்’, ‘வெட்டுதல்’, ‘பிழை’ என்று இயந்திரத்தின் நிலைகளுக்கு மட்டும் லேபிளிட்டு, தாவல்கள் அந்த நிலைகளின் வாயிலுக்கே செல்லுமாறும், ஒரு நிலையின் நடுவே நுழையாதவாறும் எழுதினால், பழைய ஜேபி கட்டளையைக் கொண்டே தெளிவான நிரலை அமைக்க முடியும்.

துணைநிரலிலிருந்து தாவி வெளியேறுவது இவ்வகையில் தனித்துக் குறிப்பிடவேண்டிய தவறு. ‘ஜேஎஸ்’ என்னும் கட்டளை துணைநிரலுக்குச் செல்லும்போது, திரும்பி வரவேண்டிய இடத்தை அடுக்கு ஒன்றில் குறித்துவைக்கிறது. துணைநிரலின் முடிவில் அந்தக் குறிப்பு எடுக்கப்படுகிறது. இடையிலேயே ஜேபி கொண்டு வெளியே தாவினால் குறிப்பு அடுக்கிலேயே தங்கிவிடும். ஒவ்வொரு பிழையின்போதும் ஒன்று வீதம் சேர்ந்து, ஒருநாள் அடுக்கு நிரம்பி நிரல் நின்றுபோகும். காலையில் பிழையின்றி ஓடிய இயந்திரம் மாலையில் ஏன் நின்றது என்று தேடுபவருக்கு, காரணம் அன்று முழுவதும் துளித்துளியாகச் சேர்ந்தது என்பது எளிதில் தோன்றாது. அடுக்கைக் காலியாக்க ‘இசட்எஸ்’ என்னும் கட்டளை இருக்கிறது. வேண்டுமென்றே வெளியே தாவும் ஒவ்வோரிடத்திலும் அது உடன்வர வேண்டும்.

சில கேள்விகளை நிரலாளர் எழுதவே வேண்டியதில்லை. மோட்டாரின் பாதை முடியும் இடத்தில் உள்ள லிமிட் சுவிட்ச் தட்டப்பட்டதா, இருக்கவேண்டிய இடத்திலிருந்து மோட்டார் அளவுமீறிப் பின்தங்கிவிட்டதா என்பவற்றைக் கலில் கருவி தானாகவே கவனித்து, அதற்கென ஒதுக்கப்பட்ட பெயரில் துணைநிரல் எழுதப்பட்டிருந்தால், நிரல் ஓடிக்கொண்டிருக்கையில் எந்த வரியில் இருந்தாலும் அங்கே திருப்பிவிடும். ஆனால் அவசர நிறுத்தப் பொத்தானை நிரலின் நிபந்தனையாக மட்டும் விட்டுவைப்பதற்கு இடமில்லை. இயந்திரங்களின் மின்னமைப்புக்கான ஐஇசி 60204-1 தரநூலின்படி, அவசர நிறுத்தம் என்பது மின்திறனை உடனே துண்டிப்பதாகவோ, கட்டுப்பாட்டோடு நிறுத்திய பின் துண்டிப்பதாகவோ இருக்கவேண்டும். மின்திறனை விட்டுவைத்து நிறுத்துவது அவசர நிறுத்தமாகக் கொள்ளப்படாது. பொத்தான் பாதுகாப்புச் சுற்றின் வழியே மின்திறனைத் துண்டிக்கும்; நிரலுக்கு அச்செய்தி பின்னால், தெரிவிப்பாக மட்டுமே வந்து சேரும்.

அந்தத் தெரிவிப்பு வந்த பிறகு எங்கே தாவுவது என்பது, பல நிரல்களில் கடைசியாகவும் அவசரமாகவும் எழுதப்படும் பகுதி. பிழை நீங்கி, கதவு மூடப்பட்டு, தொடக்கப் பொத்தான் அழுத்தப்படும்போது, பிலிம் பாதி இழுபட்ட நிலையில் இருக்கிறது. எண்ணிக்கை மாறிகள் பழைய எண்களோடு இருக்கின்றன. பிடிப்புச் சுற்று முந்தைய இழுப்புக்காக ஆயத்தமாகவே இருக்கக்கூடும். விட்ட வரியிலிருந்து தொடர்ந்தால், யாரோ கையால் நகர்த்திவிட்ட பிலிமைப் பற்றிய பழைய நம்பிக்கையோடு இயந்திரம் புறப்படும். எனவே தாடைகள் திறந்திருக்கின்றனவா என்பதை முதலில் கேட்டு, மாறிகளைச் சுழியமாக்கி, பிடிப்பைப் புதிதாக ஆயத்தப்படுத்தி, குறைந்த வேகத்தில் ஓர் அடையாளத்தைத் தேடிக் கண்ட பிறகே ‘இழுத்தல்’ நிலையின் வாயிலுக்கு நிரல் தாவவேண்டும். அந்த மெதுவான தேடலிலும் அடையாளம் வராமற்போகலாம். அதற்கும் ஒரு நீள வரம்பும், வரம்பைக் கடந்தால் நின்று காரணத்தைத் தெரிவிக்கும் ஒரு வரியும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.